"எங்களோடே வா" என்று கூப்பிடுகிறவர்கள்: பதின்ம வயதினருக்கான நீதிமொழிகள் வகுப்பு எப்படி இருந்தது

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வகுப்புக்குக் கட்டாயம் அனுப்புங்கள், முடிந்தால் நீங்களும் கூடவே போய் உட்காருங்கள். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தமிழ்ச் சபையில் சனிக்கிழமை சாயங்காலம் நடக்கிறது. ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், கட்டணம் கிடையாது. ஆறு வாரமும் பாடம் ஒன்றுதான், பைபிளில் உள்ள நீதிமொழிகள் புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் 10 முதல் 19 வரை உள்ள வசனங்கள். பத்தே வசனத்தை வைத்து ஆறு வாரம் என்ன பேசுவார்கள் என்று கேட்பவர்கள் அந்தப் பகுதியை எடுத்து ஒரு தடவை மெதுவாக வாசித்துப் பாருங்கள். கீழே சில குறைகளையும் சொல்லப்போவதால் சபையின் பெயரைப் போடவில்லை.

அந்தப் பகுதி, "என் மகனே, பாவிகள் உனக்கு நயங்காட்டினாலும் நீ சம்மதியாதே" என்று தொடங்கும். இது நமக்கெல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம். ஆனால் அதற்கு அடுத்து வரும் நான்கு வசனங்களிலும் தகப்பன் பேசவில்லை, கும்பல்தான் பேசுகிறது. எங்களோடு வா, பதுங்கி இருப்போம், ஒரு தப்பும் செய்யாதவனைப் பிடிப்போம், விலையுயர்ந்த பொருளெல்லாம் கிடைக்கும், வீட்டை நிரப்புவோம், நீயும் பங்காளியாக இரு, நம் எல்லாருக்கும் ஒரே பை இருக்கும். இவ்வளவையும் தகப்பனே மகனுக்குச் சொல்லிக்காட்டுகிறார். பணம் கிடைக்காது என்று அவர் சொல்லவில்லை, கூப்பிடுகிறவர்கள் பார்க்கக் கொடூரமாக இருப்பார்கள் என்றும் சொல்லவில்லை. அவர்கள் எவ்வளவு இனிப்பாகப் பேசுவார்கள் என்பதை அப்படியே பிள்ளையின் காதில் போட்டுவிட்டு, அப்புறம்தான் "போகாதே" என்கிறார். வெளியே எவனோ ஒருவன் சொல்லி முதல்முறையாகக் கேட்பதைவிட வீட்டில் அப்பா வாயால் முதலில் கேட்டுவிடட்டும் என்கிற அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இந்த வகுப்பும் அதே வழியில்தான் நடக்கிறது, அதனால்தான் மற்ற அறிவுரை வகுப்புகளைவிட இது மேல் என்கிறேன்.

வகுப்பு எடுப்பவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நிறைய வருடம் தொண்டூழியராகச் சிறைக்குப் போய்க் கைதிகளைச் சந்தித்து வந்தவர். பிள்ளைகள் எல்லாரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். குரல் உயர்த்துவதே இல்லை. முதல் வாரம் அவர் செய்தது இதுதான்: ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, இடது பக்கம் 11 முதல் 14 வரை உள்ள வசனங்களை அச்சடித்து, வலது பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார். இதே பேச்சு இன்றைக்கு உங்கள் கைப்பேசிக்கு டெலிகிராமில் வந்தால் எப்படி இருக்கும், எழுதுங்கள் என்றார். பத்து நிமிடம் பேனா ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்டது. உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு பெண் எழுதியதை அவர் சத்தமாக வாசித்தார்: "புரோ, உன் பேங்க் அக்கவுண்ட் சும்மாதானே இருக்கு? ரெண்டு வாரம் கொடு, 400 வெள்ளி தர்றேன். ஒண்ணும் ஆகாது, நாங்க எல்லாரும் செய்றோம், உன்னை நம்பித்தான் கேக்குறேன்." அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அது போன்ற செய்தியை நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள் என்பது அந்த முகங்களிலேயே தெரிந்தது.

இரண்டாம் வாரம் சட்டம் பற்றியது. இதைச் சபையில் வைத்துப் பேச வேண்டுமா என்று ஒரு தகப்பனார் கேட்டார், வேண்டும் என்பதுதான் என் கருத்து. நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. சட்டவிரோதச் சங்கம் என்று கருதப்படும் ரகசியக் கும்பலில் உறுப்பினராக இருந்தாலே போதும், யாரையும் அடித்திருக்க வேண்டிய அவசியமில்லை, மூன்று ஆண்டு வரை சிறையோ 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து கொள்ளையடித்தால் 5 முதல் 20 ஆண்டு சிறை, குறைந்தது 12 பிரம்படி. அந்தக் கொள்ளையில் ஒருவன் கொலை செய்துவிட்டால் கூட இருந்த அத்தனை பேருக்கும் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோதான், கத்தியைத் தொடாதவனுக்கும் அதேதான். "நம் எல்லாருக்கும் ஒரே பை" என்று சொன்னார்களே, தண்டனைக்கும் ஒரே பைதான் என்று அங்கிள் சொன்னபோது என் பக்கத்தில் இருந்த பையன் அதைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டான்.

வங்கிக் கணக்கு விஷயத்தையும் விடவில்லை. 2024இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளில் போன பணம் 1.1 பில்லியன் வெள்ளி. அந்தப் பணத்தில் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய கணக்கு வழியாகத்தான் போகிறது, அந்த யாரோ பல நேரம் நம் பக்கத்து புளோக் பையனாக இருக்கிறான். அரசாங்கச் சேவைகளுக்குள் நுழையப் பயன்படும் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் விவரத்தைக் குற்றச் செயலுக்குக் கொடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை. 2025 நவம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்படி மோசடிக்காரர்களுக்குக் குறைந்தது 6, அதிகபட்சம் 24 பிரம்படி, கணக்குக் கொடுத்து உதவுகிறவர்களுக்கும் 12 பிரம்படி வரை விதிக்கலாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் நீதிமொழிகள் 29:24க்குப் போனார், "திருடனோடே பங்கிட்டுக்கொள்ளுகிறவன் தன் ஆத்துமாவைப் பகைக்கிறான்". நான் திருடவில்லையே, கணக்கைத்தானே கொடுத்தேன் என்கிற வாதத்துக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரிந்து கிடையாது.

ஆனால் தண்டனையைச் சொல்லி மிரட்டுவதோடு வகுப்பு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நீதிமொழியின் தகப்பன் மகனிடம் "மாட்டிக்கொள்வாய்" என்று சொல்லவில்லை. 18ஆம் வசனத்தில் அவர் சொல்வது வேறு: இவர்கள் பதுங்கி இருப்பது தங்கள் சொந்த இரத்தத்துக்குத்தான், ஒளிந்திருப்பது தங்கள் உயிரை எடுக்கத்தான். கண் முன்னே வலையை விரித்தால் பறவைகூட விலகிப் போகும், இவர்களோ தாங்களே விரித்த வலையில் போய் விழுகிறார்கள். இதற்கு மூன்றாம் வாரம் முழுக்க நியாயாதிபதிகள் 9ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார்கள். இந்த ஆறு வாரத்திலும் மிகச் சிறந்த வகுப்பு அதுதான்.

அபிமெலேக்கின் கதையைப் பிரசங்கங்களில் அவ்வளவாகக் கேட்க முடியாது. இஸ்ரவேலை எதிரிகளிடமிருந்து மீட்ட கிதியோனின் மகன். பாகால்பேரீத் கோவிலிலிருந்து எழுபது வெள்ளிக்காசு வாங்கி, அதைக் கொண்டு வேலைவெட்டி இல்லாத முரடர்களைக் கூலிக்குப் பிடிக்கிறான். அவர்களோடு போய்த் தன் சகோதரர்கள் எழுபது பேரையும் ஒரே கல்லின்மேல் கொல்கிறான், கடைசித் தம்பி யோதாம் மட்டும் ஒளிந்து தப்புகிறான். தலைக்கு ஒரு காசு, கணக்குப் போட்டுப் பாருங்கள் என்றார் அங்கிள். மூன்று ஆண்டு ஆட்சி. அப்புறம் அவனை ராஜாவாக்கிய அதே சீகேம் ஊர்க்காரர்கள் மலை உச்சிகளில் ஆட்களைப் பதுங்க வைத்து வழியில் போகிறவர்களைக் கொள்ளையடிக்கத் தொடங்குகிறார்கள், அவனுக்கு எதிராகவே திரும்புகிறார்கள். அவனும் அந்த ஊரை அழித்து, கோபுரத்துக்கு ஓடிப்போன ஏறக்குறைய ஆயிரம் பேரை நெருப்பு வைத்துக் கொல்கிறான். கடைசியில் தேபேஸ் என்ற ஊரில் ஒரு பெண் மேலிருந்து போட்ட ஏந்திரக்கல் (மாவு அரைக்கும் கல்) துண்டு அவன் மண்டையை உடைக்கிறது. யாருடைய துணையோடு இரத்தம் சிந்தினானோ அவர்களை அவனே அழித்தான், கடைசியில் அவனும் அழிந்தான். இதைச் சொல்லும்போது அவர் 2010இல் பாசிர் ரிஸ் டவுன்டவுன் ஈஸ்ட்டில் கும்பல் தாக்கியதில் 19 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்ததையும் சொன்னார், பெயர் எதுவும் சொல்லாமல், படம் எதுவும் காட்டாமல். அந்த மாணவரின் வீட்டையும் நினைக்க வேண்டும், சிறைக்குப் போன பையன்களின் வீடுகளையும் நினைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அந்தக் கட்டுப்பாடு எனக்குப் பெரிதாகப் பட்டது.

நான்காம் வாரம்தான் எனக்கு வருத்தம். வெளியிலிருந்து ஒருவரைப் பேச அழைத்திருந்தார்கள். கும்பல்களின் சின்னம், பச்சை குத்துவது, எண்களுக்கு என்ன பொருள், கையால் எப்படிச் சைகை காட்டுவார்கள் என்று திரையில் போட்டு முக்கால் மணி நேரம் விளக்கினார். எண்ணம் நல்லதுதான், பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டியதும்தான். ஆனால் பையன்கள் கண் விரியப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இடைவேளையில் இரண்டு பேர் அதே சைகையைச் செய்து பார்த்ததை நானே பார்த்தேன். பயமுறுத்துவதற்காகக் காட்டுவது பிள்ளைகளுக்குப் பல நேரம் விளம்பரமாகப் போய்விடும். இந்தப் பகுதியைப் பெற்றோருக்கு மட்டும் தனியாக வைத்தால் போதும்.

ஐந்தாம் வாரம் ஒரு பையன் கேட்ட கேள்வியால் வகுப்பு மறுபடியும் நிமிர்ந்தது. "தாவீதும் கேங் வெச்சிருந்தாரே அங்கிள், அது மட்டும் ஓகேவா?" நியாயமான கேள்வி. பின்னாளில் இஸ்ரவேலின் ராஜாவான தாவீதிடம் அதுல்லாம் குகையில் வந்து சேர்ந்தவர்கள் யார் என்று 1 சாமுவேல் 22 சொல்கிறது, ஒடுக்கப்பட்டவர்கள், கடன்பட்டவர்கள், மனம் கசந்தவர்கள், ஏறக்குறைய நானூறு பேர். இன்றைக்குக் கும்பலில் சேர்கிற பையன்களைப் பற்றி விசாரித்தாலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான் வரும். அங்கிள் கேள்வியைத் தள்ளிவிடாமல் 25ஆம் அதிகாரத்துக்குப் போனார். நாபால் என்ற பணக்காரன் அவமானப்படுத்தியதும் தாவீது நானூறு பேரைப் பட்டயத்தோடு கிளப்புகிறான், ஒரு வீட்டு ஆண்பிள்ளைகள் முழுவதையும் விடிவதற்குள் அழித்துவிடும் ஆத்திரம். நாபாலின் மனைவி அபிகாயில் இருநூறு அப்பமும் திராட்சரசமும் சமைத்த ஆடுகளும் வறுத்த பயறும் வற்றலும் கழுதைகளின் மேல் ஏற்றிக்கொண்டு எதிரே வந்து தடுக்கிறாள். இரத்தம் சிந்தாதபடி என்னைத் தடுத்தாயே என்று தாவீது அவளை வாழ்த்துகிறான். ஆக, நல்லவன் தலைமையில் இருந்தாலும் ஆயுதமும் ஆத்திரமும் சேர்ந்த கூட்டம் ஒரு நொடியில் கொலைகாரக் கூட்டமாகிவிடும், அதைத் தடுக்கிறவர் பேச்சைக் கேட்கிறாயா என்பதுதான் கேள்வி. பிள்ளைகள் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் இன்னும் ஒரு படி எதிர்பார்த்தேன். 30ஆம் அதிகாரத்தில் தாவீதின் ஆட்களில் களைத்துப்போன இருநூறு பேர் பேசோர் ஆற்றங்கரையில் சாமான்களோடு தங்கிவிடுகிறார்கள். சண்டைக்குப் போய்த் திரும்பியவர்களில் சிலர், இவர்களுக்குப் பங்கு கிடையாது என்கிறார்கள். தாவீது ஒத்துக்கொள்ளவில்லை, யுத்தத்துக்குப் போனவன் பங்கு எவ்வளவோ அவ்வளவே சாமான்களைக் காத்தவனுக்கும் என்று சட்டமே ஆக்கிவிடுகிறான். "ஒரே பை" என்று வாக்குக் கொடுத்த நீதிமொழிக் கும்பலுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். களைத்துப்போனவனுக்கும் பங்கு கொடுக்கிற கூட்டம் எது, கணக்கைக் கொடுத்த பையன் மாட்டியதும் அவன் எண்ணை அழித்துவிட்டு மறைந்துபோகிற கூட்டம் எது என்று பிள்ளைகளே பிரித்துப் பார்த்திருப்பார்கள். நேரம் இல்லாமல் அது விட்டுப்போனது. அடுத்த முறை நான்காம் வாரத்தைச் சுருக்கி இதைச் சேர்த்தால் பாடம் முழுமையாகும்.

கடைசி வாரம் 19ஆம் வசனம், "பொருளாசையுள்ள எல்லாருடைய வழியும் இதுவே". இங்கே பேச்சு பெற்றோர் பக்கம் திரும்பியது. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறீர்கள் என்று அங்கிள் எங்களிடம் கேட்டார். காண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்கியவர், கார் மாற்றியவர், குறுகிய காலத்தில் மேலே போனவர் என்று பேசும்போது எப்படிச் சம்பாதித்தார் என்று ஒரு வார்த்தையாவது கேட்கிறோமா, பிள்ளை அதைக் காதில் வாங்கிக்கொண்டுதானே இருக்கிறான் என்றார். பள்ளியில் தமிழ்ப் பாடத்தில் குறள் படிக்கிற பிள்ளைகளுக்கு வள்ளுவர் சிற்றினம் சேராமைக்கு ஓர் அதிகாரமே வைத்திருப்பது நினைவிருக்கும், நீதிமொழிகளோ அந்தச் சேர்க்கைக்கு வேர் வீட்டிலேயே, ஆசையிலேயே இருக்கிறது என்கிறது என்று அவர் இரண்டையும் சேர்த்துச் சொன்னது நன்றாக இருந்தது. 8ஆம் வசனத்தில் தகப்பனின் புத்தியோடு தாயின் போதகமும் சேர்த்துச் சொல்லப்பட்டிருப்பதையும் எடுத்துக்காட்டினார். அறையில் அம்மாக்கள்தான் அதிகம், அப்பாக்கள் மிகக் குறைவு. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்: அப்பாக்களே, பிள்ளையைக் காரில் இறக்கிவிட்டுப் போகாமல் உள்ளே வாருங்கள்.

இப்போது முக்கியமான குறை. மூன்றாம் வாரம் முடியும்போது பின்வரிசையில் இருந்த ஒரு பையன், "அங்கிள், ஏற்கெனவே அக்கவுண்ட்டைக் கொடுத்துட்டா?" என்று கேட்டான். "முடிஞ்சதும் பேசலாம்பா" என்று அங்கிள் சொன்னார், சொன்னபடியே அவனோடு வெகுநேரம் தனியாக உட்கார்ந்து பேசினார். அது சரிதான், அந்தப் பையனின் மானத்தைக் காக்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருந்தவர்களும் அந்த அறையில் இருந்திருக்கலாம். அவர்களுக்கு வகுப்பு ஒன்றும் சொல்லவில்லை. நீதிமொழிகள் முதல் அதிகாரம் இன்னும் அடியெடுத்து வைக்காத பிள்ளைக்கு எழுதப்பட்டது, அதனால் போகாதே என்பதோடு பாடம் நின்றுவிடுகிறது. ஆனால் அதே புத்தகத்தில் 28:13 இருக்கிறது, பாவத்தை மறைக்கிறவன் வாழமாட்டான், அறிக்கை செய்து விட்டுவிடுகிறவன் இரக்கம் பெறுவான். எரிகோவில் வரி வசூலித்த சகேயு இருக்கிறார், அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னவர். நடைமுறையிலும் வழி இருக்கிறது. மோசடி பற்றிச் சந்தேகம் இருந்தால் 1799க்கு அழைக்கலாம், கணக்கு கைமாறியிருந்தால் உடனே வங்கிக்கும் போலீசுக்கும் போக வேண்டும், கும்பல் பக்கம் சாய்ந்துவிட்ட இளையர்களுக்கு 1997இல் தொடங்கிய ஸ்ட்ரீட்வைஸ் என்ற ஆறு மாத ஆலோசனைத் திட்டம் இருக்கிறது. இதையெல்லாம் ஒரு தாளில் போட்டு எல்லாருக்கும் கொடுத்திருக்கலாம். ஏழாவது வாரம் ஒன்று சேர்த்து இதற்கே ஒதுக்குங்கள் என்று அவரிடமே நேரில் கேட்டேன், யோசிக்கிறேன் என்றார். அவர் செய்வார் என்று நம்புகிறேன், செய்யும்வரை இந்த வகுப்புக்கு ஐந்துக்கு நான்குதான் கொடுப்பேன்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். வகுப்பில் வாசிப்பது பழைய மொழிபெயர்ப்பு, இங்கே படிக்கும் பிள்ளைகளுக்குச் சில வரிகள் பிடிபடாது, அதனால் வெள்ளிக்கிழமை ராத்திரியே அந்தப் பகுதியைக் கூட உட்கார்ந்து ஒரு தடவை வாசித்துவிடுங்கள். பேச்சு எளிய தமிழ், நடுவில் ஆங்கிலமும் வரும், தமிழ் சரளமாக வராத பிள்ளைகளும் சமாளிக்கலாம். சபை உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, எங்களோடு ஓர் இந்துக் குடும்பமும் வந்திருந்தது, ஒருவரும் அவர்களைச் சங்கடப்படுத்தவில்லை. அறை சின்னது, குளிர்சாதனம் அளவுக்கு மீறி இருக்கும், சட்டைக்கு மேல் ஏதாவது போட்டுப் போங்கள். இடைவேளையில் பஜ்ஜியும் தேநீரும் உண்டு, சபைப் பெண்கள் வீட்டிலிருந்து செய்து கொண்டுவருகிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் என்பதால் துணைப்பாட வகுப்போடும் சிசிஏவோடும் (பள்ளியின் இணைப்பாட நடவடிக்கை) மோதும். எங்கள் வீட்டில் அந்த ஆறு வாரத்துக்கு டியூஷனை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டோம், டியூஷன் ஆசிரியையும் சம்மதித்தார். உயர்நிலை ஒன்றுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம், அபிமெலேக்கு பாடம் அவர்களுக்குத் தாங்காது.